கரையும் நூல்

மேஸ்திரிக்கு ஞானஸ்நானமாம். இதைச் சொல்லப் போதகர் தன் மனைவியையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு தையல் கடைக்கு வந்தார் என்றால், அவருக்கே உள்ளூர உதறல் இருந்தது என்றுதான் அர்த்தம். நல்ல செய்தி கொண்டுவருகிறவர்கள் வாசலில் நின்று அவ்வளவு நேரம் செருப்பைக் கழற்ற மாட்டார்கள்.

தையல்காரி மிஷினை நிறுத்தவில்லை. கால் மட்டும் கொஞ்சம் வேகமாக மிதித்தது.

"யாரு, நம்ம மேஸ்திரியா?"

"ஆமாம்மா. கொஞ்ச மாசமா சபைக்கு வர்றார். கடைசி பெஞ்சுல உக்காந்திருப்பாரே, நீ கவனிச்சிருப்ப" என்றார் போதகர்.

கவனிக்காமலா இருப்பாள்? அந்த ஆள் உள்ளே காலெடுத்து வைத்த நாளிலிருந்து அவள் ஒரு பாட்டுக்குக்கூட வாயைத் திறக்கவில்லை. முதுகுக்குப் பின்னால் அவன் இருமினால் அவளுக்கு இங்கே பல் கடிபடும்.

"அங்கி தைக்கணும். உனக்குச் சங்கடமா இருந்தா சொல்லு, வெளியில குடுத்துக்கறோம்" என்றாள் போதகரம்மா.

"எதுக்கு அக்கா வெளியில? எல்லாருக்கும் தைக்கிற நான் அவருக்கு மட்டும் தைக்க மாட்டேனா? அனுப்பி வைங்க, அளவு எடுத்துக்கறேன்."

தேன் ஒழுகச் சொன்னாள். போதகரம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. தேவ அன்பு ஒரு மனுஷியை எப்படி மாற்றிவிட்டது பாருங்கள் என்று கணவரிடம் சொல்லிக்கொண்டே போனாள். அவர்கள் தெருமுனை திரும்பும்வரை சிரித்த முகமாக இருந்துவிட்டு, தையல்காரி உதட்டில் கவ்வியிருந்த குண்டூசியை எடுத்து ஊசிமெத்தையில் குத்தினாள். ஊசியின் தலை வரைக்கும் இறங்கும்படி குத்தினாள்.

அவள் புருஷன் குடிகாரன். அதை அவளே மறைத்ததில்லை. சாரம் கட்டிச் சுவர் எழுப்புகிற கொத்தன். கை சுத்தம், வாய் மட்டும் எப்போதும் நாறும். அப்படிப்பட்டவன் ஒருநாள் சபையின் ஞானஸ்நானத் தொட்டியில் இறங்கினான். அவர்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. முழுக்குவதற்கு முன்னால் போதகர் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: என்னத்த விட்டுட்டுப் போற? அதற்கு ஊரறியப் பதில் சொல்ல வேண்டும். "பாட்டில, ஐயா" என்றான் அவன். சபையே சிரித்தது. அவனும் சிரித்துக்கொண்டே முழுகினான். அதற்குப் பிறகு அவன் தொடவில்லை. சம்பள நாள் வந்தது, கல்யாண வீடு வந்தது, மழை வந்தது, அவன் தொடவில்லை. அடுத்த முறை நீயும் இறங்கிவிடு என்று அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தான். அவளும் தனக்கான துணியை வெட்டி வைத்திருந்தாள்.

அதற்குள் அவன் சாரத்திலிருந்து விழுந்து செத்தான்.

இடுப்பில் கயிறு இல்லை. கயிறு ஏன் இல்லை என்று அவள் கேட்டாள். குடிபோதையில் அவனே அவிழ்த்துவிட்டான் என்றார், அங்கே வேலை வாங்கிக்கொண்டிருந்த மேஸ்திரி. விசாரிக்க வந்தவர்கள் சட்டையை முகர்ந்து பார்த்து, எழுதிக்கொண்டு, போய்விட்டார்கள். அதற்கு மேல் யாரும் கிளறவில்லை. செத்தவன் குடிகாரன் என்று ஊருக்கே தெரியும்போது எதற்கு மெனக்கெட வேண்டும்? அடக்கத்தில் அவளுடைய நாத்தனார், அவனோடு கூடப் பிறந்தவள், சபையில் பாட்டு ஆரம்பித்துக் கொடுப்பவள், எல்லார் காதிலும் விழும்படி, "முழுகினது வேஷம். எங்க குடும்ப மானத்த வாங்கிட்டுப் போய்ட்டான்" என்றாள். பின்வாங்கிப்போன ஆத்துமா என்று ஜெபத்திலும் சொன்னார்கள்.

சட்டையை அவளிடம் கொடுத்தார்கள். அவளும் முகர்ந்தாள். சாராயம் நாறியது.

மேஸ்திரியை அவள் வெறுத்ததற்குக் கயிறு ஒரு காரணம். இந்தச் சட்டை இன்னொரு காரணம், அதுதான் பெரியது. அந்த நாற்றம் மூக்கில் ஏறிய பிறகு அவளால் புருஷனுக்காக அழ முடியவில்லை. நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. சட்டையைத் துவைக்காமல் பெட்டியின் அடியில் போட்டு வைத்தாள். எப்போதாவது எடுத்து முகர்ந்து பார்ப்பாள். வாசம் போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது, ஆனாலும் முகர்வாள்.

தனக்கென்று வெட்டிய துணியை அவள் தைக்கவே இல்லை. தொட்டியில் இறங்கினால் போதகர் கேட்பாரே, என்னத்த விட்டுட்டுப் போற என்று. மேஸ்திரி மேல் இருக்கிற ஆத்திரத்தைத் தவிர விடுவதற்கு அவளிடம் வேறு ஒன்றும் இல்லை. அதை விட அவளுக்கு மனசில்லை. அதனால் ஊருக்கெல்லாம் அங்கி தைத்தாள், தான் மட்டும் கரையிலேயே நின்றாள்.

மறுநாள் மேஸ்திரி அளவு கொடுக்க வந்தார். ஒரு காலத்தில் சாரத்தின் கீழே நின்று அவர் கத்தினால் மேலே செங்கல் ஆடும் என்பார்கள். இப்போது சட்டை தோளிலிருந்து தொங்கியது. மார்பளவு எடுத்தபோது டேப் சுற்றிவந்து அவள் நினைத்ததைவிட முன்னாலேயே சேர்ந்துவிட்டது.

"கையத் தூக்குங்க."

தூக்கினார்.

"தங்கச்சி..." என்றார்.

"அசையாதீங்க. அளவு தப்பிப் போயிடும்."

அளவு முடிந்தது. கையை இறக்கிக்கொண்டு போய்விட்டார். போகட்டும், பேச வேண்டிய அன்றைக்குப் பேசாதவன் இன்று வந்து தங்கச்சி என்றால் ஆயிற்றா என்று அவள் டேப்பைச் சுருட்டினாள்.

ஞானஸ்நான அங்கி என்றால் சும்மா ஒரு நீளச் சட்டை இல்லை. கீழ் ஓரத்தில், மீன் பிடிக்கிற தூண்டிலுக்குப் போடுகிற ஈயக் குண்டுகளை வைத்து மடித்துத் தைக்க வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீரில் இறங்கியதும் துணி குடை மாதிரி விரிந்து மேலே வந்துவிடும். முதலில் அவள் அதைத்தான் யோசித்தாள்: ஈயம் வைக்காமல் விட்டுவிடலாமா? சேச்சே, அது போதாது. முட்டி தெரியும், நாலு பேர் சிரிப்பார்கள், அவ்வளவுதான். என் புருஷனை ஊர் நடுவில் அவிழ்த்துப் போட்டவனுக்கு முட்டி தெரிந்தால் போதுமா?

அப்போதுதான் கரையும் நூல் ஞாபகம் வந்தது. பூ வேலை செய்யும்போது துணியைத் தற்காலிகமாகப் பிடித்துவைக்க அந்த நூலைப் போட்டுத் தைப்பார்கள். வேலை முடிந்ததும் தண்ணீரில் அலசினால் நூல் இருந்த இடம் தெரியாது. பார்த்தால் மற்ற வெள்ளை நூல் போலவே இருக்கும். அவளிடம் ஒரு கண்டு இருந்தது.

இரண்டு துண்டுத் துணியை அதில் சேர்த்துத் தைத்து, வாளித் தண்ணீரில் போட்டாள். பச்சைத் தண்ணீரில் கரையுமா என்று சந்தேகம். கொஞ்ச நேரம் ஊறவிட்டு லேசாக ஒரு இழுப்பு இழுத்தாள். இரண்டும் சண்டை போட்டவர்கள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் போயின. அவள் வாய்விட்டுச் சிரித்தாள். வீட்டில் அந்தச் சிரிப்பு கேட்டு எத்தனையோ காலமாகியிருந்தது.

தோள், பக்கம், கை, கழுத்து, எல்லாம் அதே நூல். நூல் முனையை எச்சில் தொட்டுக் கோர்க்கிற பழக்கத்தை அந்த அங்கிக்காக விட்டாள், நாக்கிலேயே கரைந்துவிடும். இஸ்திரி போடும்போது தண்ணீர் தெளிக்கவில்லை. ஈயத்தில் மட்டும் குறை வைக்கவில்லை. அதை நல்ல நூலில் தைத்து, தாராளமாகவே வைத்தாள். கீழே இழுத்துக் கொடுக்குமே! அவ்வளவு அழகாக, அவ்வளவு நேராக, அவள் வேறு யாருக்கும் தைத்ததில்லை. மிதிக்கிற ஒவ்வொரு மிதிக்கும் ஒரு வார்த்தை சொன்னாள். அந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

"வேர்வை பட்டா கசங்கிடும் அக்கா. தொட்டிக்குப் போறப்ப போட்டுக்கிட்டா போதும்" என்று போதகரம்மாவிடம் சொல்லிக் கொடுத்தனுப்பினாள்.

அந்த ஞாயிறு, சபையில் இடம் இல்லை. பிரசங்க மேடைக்குப் பின்னால்தான் தொட்டி. ஒரு பக்கம் இறங்கப் படி, மறுபக்கம் ஏறப் படி. ஏறுகிற படியில் தையல்காரி துவாலையோடு நிற்பாள். ஈரத் துணி உடம்போடு ஒட்டுவதற்குள் போர்த்திவிடுவது அவள் வேலை. தைத்தவளே போர்த்த வேண்டும் என்று யார் எப்போது ஏற்படுத்தினார்களோ, அதுவும் அங்கே ஒரு வழக்கம்.

ஒவ்வொருவராக இறங்கினார்கள். ஒருத்தி மாமியார்மேல் வைத்திருந்த கசப்பை விட்டாள். ஒரு இளைஞன் சூதாட்டத்தை விட்டான். தையல்காரி போர்த்தினாள், தோளைத் தட்டினாள், புன்னகைத்தாள். கடைசியாக மேஸ்திரி.

அவர் படியில் இறங்கும்போதே அவள் தையலைப் பார்த்தாள். முழங்கால், இடுப்பு, நெஞ்சு. தண்ணீர் ஏற ஏற அவளுக்கு உள்ளே இனித்தது.

"என்னத்த விட்டுட்டுப் போறீங்க?" என்றார் போதகர்.

மேஸ்திரி நிமிர்ந்து பார்த்தார். நேராகத் தையல்காரியைப் பார்த்தார். அவள் கண்ணை எடுக்கவில்லை. சொல், வாயைத் திறந்து சொல் என்று அவள் கண் சொல்லியது. ஒரு நொடி, அவர் சொல்லிவிடுவார் என்றுகூட அவள் நினைத்துவிட்டாள். அப்படியானால் இந்த நூலுக்கு என்ன செய்வது என்ற பதற்றமும் வந்தது.

"சிகரெட்டு" என்றார் மேஸ்திரி. "சிகரெட்ட விட்டுடறேன், ஐயா."

சிகரெட்டாம்! ஒருத்தனைக் கயிறு இல்லாமல் மேலே ஏற்றிக் கொன்று, செத்தவன் பெயரையும் மிதித்துவிட்டு வந்து, இவன் ஆண்டவர் முன்னால் புகையை விடுகிறான். போதகரே, நல்லா அமுக்குங்க, கொஞ்சம் அதிகமாகவே அமுக்குங்க என்று அவள் துவாலையை முறுக்கினாள்.

போதகர் அமுக்கினார். தூக்கினார்.

மேஸ்திரி வெளியே வந்தார். அங்கி வரவில்லை.

அங்கியின் கைகள் இரண்டும் முதலில் கழன்றன. முன்பக்கம் ஒரு துண்டாகவும் பின்பக்கம் ஒரு துண்டாகவும் பிரிந்து, ஈயத்தின் கனத்தில் மெதுவாக அடியில் போய்ப் படுத்துக்கொண்டன. தொட்டியின் நடுவில் ஒரு கிழவன், ஓட்டை விழுந்த உள்ளாடையோடு, விலா எலும்பை எண்ணும்படி நின்றான். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு ஒவ்வொரு பெஞ்சாக முன்னால் வந்தது.

தையல்காரிக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்வானேன், அத்தனை வருஷத்தில் அப்படி ஒரு சந்தோஷம் அவளுக்கு வந்ததில்லை.

மேஸ்திரி கூனிக்கொண்டு படிப்பக்கம் வந்தார். துவாலைக்குக் கையை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"துவாலையக் குடும்மா" என்றார் போதகர்.

அவள் அதை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

மேஸ்திரி நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். உடம்பை மறைக்கப் பார்த்தார். எதை மறைப்பது என்று தெரியாமல் கைகள் அலைந்தன. பிறகு என்ன நினைத்தாரோ, இரண்டு கைகளையும் தொங்கவிட்டுவிட்டுச் சபைப் பக்கம் திரும்பினார்.

"ஐயா, ஆண்டவர் ஒத்துக்கல" என்றார். பழைய சாரத்துக் குரலில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. சிரிப்பு நின்றுவிட்டது. "சிகரெட்டுன்னு சொன்னேன்ல. அவர் ஒத்துக்கல. பாருங்க, உரிச்சு நிறுத்திட்டார். சொல்லிடறேன். இந்தப் பொண்ணோட புருஷன் குடிக்கல. அவன் கயித்த அவன் அவுக்கல, நான்தான் அவுத்தேன். பக்கத்துச் சுவருக்குச் சாமான் ஏத்தக் கயிறு பத்தல. கயிறு இல்லாம ஏற மாட்டேன்னான். அப்போ நாளையிலேர்ந்து வேலைக்கு வராதேன்னேன். ஏறினான்."

யாரோ "ஐயோ" என்றார்கள்.

"விழுந்ததும் பயந்துட்டேன். என்கிட்ட ஒரு பாட்டில் இருந்துச்சு. அத அவன் சட்டையில ஊத்தினதும் நான்தான். அதுக்கு முந்தின நாள்தான் அவனுக்கு அதுலேர்ந்து ஒரு வாய் நீட்டினேன். வேணாம் மேஸ்திரி, அத தண்ணியிலயே விட்டுட்டேன், திரும்பப் போய் எடுக்க முடியாதுன்னு சிரிச்சான். அந்தச் சிரிப்பு என்னைத் தூங்க விடல. அது என்ன தண்ணி, ஒரு குடிகாரன இப்படி மாத்துச்சேன்னு பார்க்கத்தான் இங்க வந்தேன்."

முன் வரிசையில் நாத்தனார் எழுந்தாள். எழுந்து நிற்க முடியாமல் மறுபடி உட்கார்ந்தாள். "தம்பி" என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது.

தையல்காரியின் காதில் விழுந்தது ஒன்றுதான். சட்டை. அந்தச் சட்டை. அவன் தொடவே இல்லை. அவன் விட்டதை விட்டதாகவே வைத்துக்கொண்டு செத்திருக்கிறான், அவள்தான் இத்தனை காலமும் பெட்டியைத் திறந்து திறந்து அவனைச் சந்தேகப்பட்டிருக்கிறாள். படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, அடக்கத்தன்று வராத அழுகையை அங்கே நின்று அழுதாள்.

அழுது முடிக்க விட்டார்களா? அதற்குள் மேஸ்திரி கையைத் தூக்கிவிட்டார். "இந்த அன்புக்கு என்ன சொல்வேன்! வெக்கப்படுத்தியாவது என்னைக் கூப்பிட்டாரே! என் தையலை எல்லாம் அவிழ்த்து என்னைப் புதுசாக்கினாரே! ஸ்தோத்திரம்!" சபை எழுந்து நின்றது. அற்புதம், அற்புதம் என்று ஒரே இரைச்சல். நாத்தனார் அழுகைக்கு நடுவிலேயே பாட்டை எடுத்துக் கொடுத்துவிட்டாள், அவளுக்கு அது வேறு ஒரு பழக்கம்.

அற்புதமா? தையல்காரிக்கு உச்சந்தலை சுட்டது. யார் தைத்த அங்கிக்கு யார் பெயர் வாங்கிக்கொண்டு போவது? அவள் தடதடவென்று படி இறங்கித் தண்ணீருக்குள்ளேயே வந்துவிட்டாள்.

"பாட்ட நிறுத்துங்க! ஆண்டவர் உரிக்கல. நான் உரிச்சேன். கரையுற நூல் போட்டுத் தச்சேன். இந்த ஆள் எல்லார் முன்னாடியும் அம்மணமா நிக்கணும்னு, வேணும்னே தச்சேன். போதுமா?"

பாட்டு நின்றது. துவாலையை மேஸ்திரியின் தலையில் வீசினாள். "மூடிக்குங்க. பார்க்கச் சகிக்கல."

மேஸ்திரி துவாலையை இடுப்பில் சுற்றிக்கொண்டார். போதகர் தொட்டியின் அடியில் கிடந்த துணியைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

"ஆண்டவர் எப்பவும் கையில கிடைக்கிறத வச்சுதான்மா வேலை செய்வார்" என்றார்.

எத்தனை முறை பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டிருப்பாள், ஆண்டவரே, உண்மையை எப்படியாவது வெளியே கொண்டுவாரும் என்று. கொண்டுவந்துவிட்டார். அவளுடைய நூலிலேயே, அவளுடைய விஷத்திலேயே கொண்டுவந்துவிட்டார். பழியைக்கூட அவளுடையதென்று விட்டுவைக்கவில்லை. நல்லவளாகட்டும், பிறகு கொடுக்கலாம் என்று காத்திருக்கவும் இல்லை. இவ்வளவு கெட்ட எண்ணத்தோடு நின்றவள் கையில், அவள் புருஷனைச் சுத்தமாகத் துவைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்த அன்பின்மேல் அவளுக்குக் கோபம் வந்தது. கோபத்தோடு நன்றியும் வந்தது.

ஈயம் இல்லாத பாவாடை குடை மாதிரி விரிந்து மேலே வந்தது. அவள் இரண்டு கையாலும் அதை அமுக்கிக்கொண்டு, தேம்பலும் சிரிப்புமாக நின்றாள்.

"இறங்கினது இறங்கிட்ட" என்றார் போதகர். "என்னத்த விட்டுட்டுப் போற?"

"மன்னிச்சுட்டேன்னு சொல்ல மாட்டேன் ஐயா. வாயில வரல."

"வர்றதச் சொல்லு."

அவள் யோசித்தாள்.

"ஒரு சட்டை இருக்கு, ஐயா. அத விட்டுடறேன். இனிமே மோந்து பார்க்க மாட்டேன்." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "இவர்மேல இருக்கறதுல பாதிய விடறேன். மீதி இன்னும் இருக்கு."

"பாதியோட வா. மீதிய அவர் பார்த்துக்குவார்."

தண்ணீர் தலைக்குமேல் மூடியது. உள்ளே சத்தமே இல்லை. புருஷன் சிரித்துக்கொண்டே முழுகிய அதே தண்ணீர் என்று ஒரு நினைப்பு ஓடியது.

எழுந்து கண்ணைத் துடைத்தபோது, ஏறுகிற படியில் மேஸ்திரி நின்றார். இடுப்பில் ஒரு துவாலை, நீட்டிய கைகளில் இன்னொரு துவாலை. குளிரில் பல் கிட்டியது. ஆனாலும் கை நீட்டியபடியே இருந்தது.

தையல்காரி உடனே வாங்கவில்லை. முடியைப் பிழிந்தாள். பாவாடையைப் பிழிந்தாள். கொஞ்ச நேரம் நிற்கட்டும் என்று நினைத்தாள்.

பிறகு கிட்டே போய், போர்த்திவிடுவதற்கு வசதியாக, அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள்.